கோல்டு ரூம் லாக்கில் எரர் எண்ண கிரெப், சார்ட், யூனிக், ஆக்: மண்டபத்திலிருந்து ஒரு ரிவ்யூ

மண்டபத்தில் ஒரு மீன் ஏற்றுமதி கம்பெனியின் கோல்டு ஸ்டோரேஜில் எனக்கு வேலை. சம்பளச் சீட்டில் கணக்குப் பிரிவு உதவியாளர் என்றுதான் இருக்கும். ஆனால் ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் படித்தவள் என்று தெரிந்ததிலிருந்து, பிரிண்டர் மக்கர் பண்ணினாலும், கேமரா இருண்டாலும், கோல்டு ரூம் லாக்கில், அதாவது கருவிகளின் நிலை பதிவாகும் ஃபைலில், எரர் குவிந்தாலும் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். அந்தக் கடைசி வேலைக்கு நான் பயன்படுத்தும் சாமான்களைப் பற்றியது இந்த ரிவ்யூ: கிரெப் (grep), கட் (cut), சார்ட் (sort), யூனிக் (uniq), ஆக் (awk) என்ற கட்டளைகள். கிரெப் தேடும், கட் வெட்டி எடுக்கும், சார்ட் வரிசைப்படுத்தும், யூனிக் ஒரே மாதிரி வரிகளைச் சேர்க்கும், ஆக் வரியைச் சொற்களாகப் பிரித்துக் கணக்குப் போடும். லினக்ஸ் போட்ட எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏற்கெனவே இருப்பவை, விலை கிடையாது. விலையில்லாத பொருளுக்கு எதற்கு ரிவ்யூ என்று கேட்கலாம். இதே வேலையைச் செய்யும் ஒரு சாஃப்ட்வேரை வருடச் சந்தாவுக்கு எங்களிடம் விற்க வந்தார்கள். ஒரு மாதம் இலவசமாக ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். அதையும் இதையும் ஒரே லாக்கில் ஓட்டிப் பார்த்ததால் எழுதுகிறேன்.

எங்கள் இடத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறு அறைகள். உறைந்த சரக்கு மைனஸ் 18 டிகிரிக்கு மேலே போகக் கூடாது. இறால், கணவாய், நண்டு எதுவாக இருந்தாலும் ஏற்றுமதி ஆய்வுக்கு வருபவர்கள் முதலில் கேட்பது வெப்பநிலைப் பதிவைத்தான். ஒவ்வொரு அறையிலும் ஒரு கன்ட்ரோலர். எல்லாவற்றையும் ஒரே இரட்டை ஒயரில் கோத்து, ஒரு கேட்வே பெட்டி வழியாகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். அதில் லினக்ஸ் வகையான உபுண்டு ஓடுகிறது. கன்ட்ரோலரும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்வது மோட்பஸ் முறையில். 1979-இல் வந்த முறை, இன்றும் தொழிற்சாலைகளில் பாதிக் கருவிகள் இதில்தான் பேசுகின்றன போலிருக்கிறது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு அறையாகக் கேட்டுக்கொண்டே போகும். பதில் வந்தால் ஒரு வரி, வராவிட்டாலும் ஒரு வரி. வரியில் தேதி, நேரம், அறை எண், வெப்பநிலை, கடைசியில் கோடு, அதாவது நிலையைச் சொல்லும் ஒரு குறியீட்டு எண். கோடு 0 என்றால் சரி. 2 என்றால் நாம் கேட்ட முகவரி அந்தக் கருவியில் இல்லை. 4 என்றால் கருவிக்குள்ளேயே கோளாறு. 6 என்றால் இப்போது கை ஒழியவில்லை, அப்புறம் கேள் என்று அர்த்தம். 11 என்றால் கேட்வே கேட்டுப் பார்த்தது, கருவி வாயே திறக்கவில்லை.

எங்களுக்கு வந்த தலைவலி 11.

சரி, சாமான்களுக்கு வருகிறேன். அடிப்படை வேலை ஒரே வரியில் முடிந்துவிடும். லாக்கிலிருந்து ஐந்தாவது சொல்லை மட்டும் எடு, வரிசைப்படுத்து, ஒரே மாதிரி இருப்பதைச் சேர்த்து எண்ணு, அதிகம் வந்தது மேலே வரும்படி மறுபடி வரிசைப்படுத்து. நான்கு கட்டளைகள், நடுவே ஒன்று கொடுப்பதை அடுத்ததிடம் சேர்க்கும் மூன்று பைப். 1960-களிலேயே பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தின் டக் மெக்கில்ராய் இப்படி ஒன்றின் வாயிலிருந்து இன்னொன்றின் வாய்க்குள் விடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1973-இல் அங்கேயே இருந்த கென் தாம்சன் அதை லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸில் செய்துகாட்டினார். பைப்பின் அருமை எனக்குப் புரிந்தது வேகத்தில் அல்ல. எந்த இடத்தில் வேண்டுமானாலும் வெட்டிவிட்டு, இதுவரை என்ன வந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஐந்தாவது சொல் சரியாக வருகிறதா? முதல் இருபது வரியைப் பார். வரிசை சரியா? பார். அந்தச் சந்தா சாஃப்ட்வேரில் இது முடியாது. அங்கே 'எரர்: 312' என்று பெரிய சிவப்பு எழுத்தில் வரும். எந்த 312, எப்படி எண்ணினாய் என்று கேட்டால் அதற்குப் பட்டன் இல்லை.

கிரெப்பில் தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லாரும் அதில்தான் தொடங்குகிறார்கள், எல்லாரும் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். எங்களிடம் பயிற்சிக்கு வந்த பாலிடெக்னிக் பையன் '11' என்று கொடுத்து எண்ணச் சொன்னான். ஆயிரக்கணக்கில் வந்தது. பதினொரு மணி முதல் பன்னிரண்டு வரை எழுதப்பட்ட எல்லா வரியிலும் 11 இருக்கிறது. மாதத்தின் பதினோராம் தேதி முழுக்க 11 இருக்கிறது. கூலிங் குறைந்து மைனஸ் 11-இல் நின்ற வரியிலும் இருக்கிறது. கிரெப் பொய் சொல்லவில்லை, கேட்டதைக் கொடுத்தது. இதை அதன் குறை என்று சொல்ல முடியாது, ஆனால் புதிதாக வருபவர்களுக்கு எச்சரிக்கை செய்யாத கருவி என்று சொல்லலாம். கோடு வரியின் கடைசியில் இருந்தால், வரி முடியும் இடத்தைக் குறிக்கும் டாலர் குறியையும், முன்னால் ஓர் இடைவெளியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 1 என்ற கோடு தனியாக இருக்க, 10, 11 எல்லாம் சேர்ந்துகொள்கிறது என்றால் முழுச் சொல்லாகப் பார்க்கச் சொல்லும் டபிள்யூ ஆப்ஷன் உண்டு.

இன்னொன்று. கிரெப்பிடம் சி ஆப்ஷனில் எண்ணச் சொன்னால் அது எண்ணுவது வரிகளை. ஒரே வரியில் ஒரு கோடு மூன்று தடவை வந்திருந்தாலும் ஒன்றுதான். எங்கள் லாக்கில் வரிக்கு ஒரு கோடு என்பதால் பிரச்சினை இல்லை. உங்கள் லாக் அப்படி இல்லையென்றால், பொருந்திய பகுதியை மட்டும் தனித்தனி வரியாகக் கொடுக்கும் ஓ ஆப்ஷனைப் போட்டு, வெளியே வருவதை எண்ண வேண்டும். கிரெப்புக்கு ஐந்துக்கு நான்கு.

கட் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. ஒரே இடைவெளியால் பிரிந்த ஒழுங்கான வரிகளுக்கு நல்லது. எங்கள் லாக்கை எழுதும் ப்ரோக்ராம், வெப்பநிலை நேராக அடுக்கி நிற்க வேண்டும் என்று மைனஸ் 9.8 மாதிரி ஓர் இலக்கம் குறைந்தால் முன்னால் ஓர் இடைவெளி கூடப் போட்டுவிடும். கட்டுக்கு ஒவ்வோர் இடைவெளியும் ஒரு எல்லை. அதனால் அறை சூடாகி ஒற்றை இலக்கத்துக்கு வந்த வரிகளில் மட்டும், ஐந்தாவது சொல் என்று கேட்டால் கோடுக்குப் பதில் வெப்பநிலை வந்து விழும். எந்த வரிகளை நாம் மிக அவசரமாகப் பார்க்க வேண்டுமோ அவையே கணக்கிலிருந்து நழுவிப் போகும். ஆக்கில் இந்தத் தொல்லை இல்லை. எத்தனை இடைவெளி இருந்தாலும் ஒன்றாகத்தான் எடுத்துக்கொள்ளும். கட்டுக்கு இரண்டு.

யூனிக்தான் எல்லாரையும் ஏமாற்றும் ஆள். பெயரைப் பார்த்து, மொத்த ஃபைலிலும் ஒரே மாதிரி வரிகளைச் சேர்த்து எண்ணும் என்று நினைப்பார்கள். அது பார்ப்பது முந்தைய வரியை மட்டும். முந்தையதும் இதுவும் ஒன்றா? சேர்த்துக்கொள். வேறா? புதுக் கணக்கு. எங்கள் இறால் தரம் பிரிக்கும் மேசையில், கவுண்ட் (குறிப்பிட்ட எடைக்கு எத்தனை இறால் என்ற அளவு) வாரியாகத் தட்டில் கொட்டி அடுக்கிய பிறகுதான் எடை போடுவார்கள். கலந்து கிடக்கும்போது எடை போட்டால் எந்த கவுண்டின் எடை என்று யாருக்கும் தெரியாது. யூனிக்குக்கு முன்னால் சார்ட் போடுவதும் அதற்குத்தான். சார்ட் போடாமல் விட்டால் 0 என்று ஒரு கணக்கு, 11 என்று ஒரு கணக்கு, மறுபடி 0 என்று ஒரு கணக்கு என்று நீளமாக ஓடும்.

சில நேரம் அதுவே வேண்டியதாகவும் இருக்கும், இதை யாரும் சொல்வதில்லை. ஒரே அறையின் கோடுகளை மட்டும் எடுத்து, சார்ட் போடாமல் யூனிக்கிடம் கொடுத்தால், 11 தொடர்ச்சியாக எத்தனை தடவை வந்தது என்று தெரியும். ஒன்று ஒன்றாக நூறு தடவை விட்டுவிட்டு வருவது ஒரு நோய். தொடர்ந்து நூறு தடவை வருவது வேறு நோய். முதலாவது ஒயரில் இரைச்சல். இரண்டாவது கருவிக்குக் கரண்ட் போயிருக்கிறது. மொத்தக் கணக்கில் இரண்டும் நூறுதான். இந்த ஒரு வித்தைக்காகவே யூனிக்குக்கு மூன்றரை கொடுக்கிறேன்.

சார்ட்டில் 'என்' (n) ஆப்ஷனை மறக்காதீர்கள். எண்ணாகப் பார் என்று சொல்லாவிட்டால் அது எழுத்தாகப் பார்க்கும். 9 என்பது 1000-க்கு மேலே போய் உட்காரும். பெரிய ஃபைலைக் கொடுத்தாலும் சார்ட் திணறாது, ராமில் கொள்ளாததைத் தற்காலிக ஃபைல்களாக டிஸ்கில் இறக்கி அப்புறம் சேர்த்துக்கொள்ளும். ஆனால் அந்தத் தற்காலிக இடம் சின்னதாக இருந்தால் நடுவழியில் நின்றுவிடும். டி ஆப்ஷனில் வேறு இடம் காட்டலாம், பெரிய எழுத்து டி (T). மொழி அமைப்பான லோகேலை 'சி' என்று மாற்றிவிட்டு ஓட்டினால் எங்கள் பழைய கம்ப்யூட்டரில்கூட வேகம் கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடுகிறது, ஏனென்றால் மொழி விதிகளை எல்லாம் பார்க்காமல் பைட்டை மட்டும் ஒப்பிடும். நான்கரை.

இனி ஆக். இந்த ரிவ்யூவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

எரர் 11 எந்த அறையில் அதிகம் என்று முதலில் எண்ணினேன். மூன்றாவது அறை முதலிடம், மற்றவை எல்லாம் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. மேனேஜர் சார் உடனே மூன்றாவது அறைக்குப் புது கன்ட்ரோலர் வாங்கச் சொன்னார். சந்தா சாஃப்ட்வேரும் அதையே சொன்னது, வட்டத்தில் பெரிய சிவப்புத் துண்டு போட்டு. ஆனால் ஆக்கில் எரரை மட்டுமல்ல, அந்த அறையிடம் மொத்தம் எத்தனை தடவை கேட்கப்பட்டது என்பதையும் கூடவே எண்ணச் சொல்லலாம். அறை எண்ணைச் சாவியாக வைத்து ஒரு பட்டியலில் எல்லா வரிக்கும் ஒன்று கூட்டு; இன்னொரு பட்டியலில் கோடு 11 ஆக இருந்தால் மட்டும் ஒன்று கூட்டு; ஃபைல் முடிந்ததும் ஒன்றை ஒன்றால் வகு. அவ்வளவுதான், இரண்டு வரி. பார்த்தால், மூன்றாவது அறையை மட்டும் ஐந்து நொடிக்கு ஒரு தடவை கேட்கும்படி வைத்திருக்கிறார்கள், மற்றவற்றை நிமிடத்துக்கு ஒரு தடவை. பொருத்தியவர்கள் சோதனைக்காக மாற்றியதைத் திரும்ப மாற்றவில்லை. அதிகம் கேட்டதால் அதிகம் தவறியிருக்கிறது. நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தால் மோசமானது ஐந்தாவது அறை. புது கன்ட்ரோலர் வாங்கியிருந்தால் அந்தப் பணம் தண்டம்.

சரி, ஐந்தாவது அறைக்கு என்ன? எங்கள் குளிர்பதன மெக்கானிக் கீழக்கரைக்காரர், எல்லாரும் காக்கா (அவர்கள் பேச்சில் அண்ணன்) என்றுதான் கூப்பிடுவோம். எண்களை அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"எத்தன தடவ வந்துச்சுன்னு இருக்கு. எப்ப வந்துச்சுன்னு எங்கம்மா?"

அது நியாயமான கேள்வி. நேரத்தில் முதல் இரண்டு எழுத்துதான் மணி. ஆக்கில் அந்த இரண்டு எழுத்தை வெட்டி எடுத்து, மணி வாரியாக எண்ணினேன். இருபத்துநான்கு வரி. இருபது வரிகளில் சொற்பம். இரண்டு, எட்டு, பதினான்கு, இருபது என்ற நான்கு வரிகளில் மட்டும் குவியல்.

"அது டீஃப்ராஸ்ட் நேரம்ல தங்கச்சி!" என்றார் காக்கா, ஏணியைத் தேடிக்கொண்டே.

கூலிங் காயிலில் பனி படிந்தால் குளிர்ச்சி இறங்காது. அதனால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஹீட்டர் தானாக ஓடிப் பனியை உருக்கும். அந்த ஹீட்டருக்குப் போகும் கனத்த கேபிளும், கன்ட்ரோலரிலிருந்து வரும் மெல்லிய இரட்டை ஒயரும் ஐந்தாவது அறைக்கு மேலே ஒரே தட்டில், ஒன்றோடு ஒன்று டேக் போட்டுக் கட்டிக் கிடந்தன. ஹீட்டரை இயக்கும் கான்டாக்டர் எனும் பெரிய சுவிட்ச் போட்டு எடுக்கும்போதெல்லாம் இரைச்சல் இந்த ஒயருக்குள் ஏறும், கருவி சொன்ன பதில் சிதைந்துபோகும், கேட்வே பொறுத்துப் பார்த்துவிட்டு 11 என்று எழுதிவிடும். காக்கா ஒயரைத் தனிக் குழாயில் மாற்றினார், ஒயரைச் சுற்றியுள்ள ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தார், கடைசி முனையில் 120 ஓம் ரெசிஸ்டர் இல்லாமல் இருந்ததையும் போட்டார். தடைக்காலத்தில் செய்ததால் அறையைக் காலி செய்ய முடிந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, சரக்கு வரத்து குறைவு. அதன் பிறகு அந்த நான்கு குவியல்களும் மறைந்தன. மிச்சம் இருந்தது கடல் பக்கச் சுவரில் இருக்கும் ஜங்ஷன் பெட்டி. திறந்தால் டெர்மினல் எல்லாம் களிம்பு ஏறிப் பச்சையாக இருந்தது. உப்புக் காற்றுக்கு நடுவே இருந்துகொண்டு அதைக் குறை சொல்லிப் பயனில்லை. மூடி நன்றாக அடையும் பெட்டி வாங்கி மாற்றினோம்.

ஆக்கை எழுதியவர்கள் ஏஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும், 1977-இல். அப்போது மோட்பஸே பிறக்கவில்லை. ஐந்துக்கு ஐந்து. ஒரே ஒரு எச்சரிக்கை: பட்டியலை அது எந்த வரிசையில் வெளியே விடும் என்று சொல்ல முடியாது, அதனால் கடைசியில் ஒரு சார்ட் போட்டுவிடுங்கள். ஆனால் எண்ணுவதற்கு முன்னால் சார்ட் தேவையில்லை. கோடுகள் ஏழெட்டுதான் என்றால் ஃபைல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த ஏழெட்டு எண்கள்தான் நினைவில் இருக்கும். ராம் குறைந்த கம்ப்யூட்டருக்கு இது பெரிய விஷயம்.

இனி எரிச்சலூட்டிய சங்கதிகள். ஒரு நாள் எண்ணிக்கைப் பட்டியலில் 11 இரண்டு தடவை வந்தது. ஒரு வரியில் 11, இன்னொரு வரியில் 11, வேறு வேறு எண்ணிக்கை. சார்ட் போட்ட பிறகு இப்படி வரவே கூடாது. காரணம், ஐஸ் பிளான்ட் பக்கத்துக் கம்ப்யூட்டர் விண்டோஸ். அதன் லாக்கையும் சேர்த்து எண்ணியிருந்தோம். விண்டோஸ் ஃபைலில் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கும். திரையில் இரண்டும் 11, கருவிக்கு இரண்டும் வேறு. கேட் கட்டளையில் பெரிய எழுத்து ஏ ஆப்ஷனைப் போட்டால் அது ஒரு தொப்பிக் குறியும் எம் எழுத்துமாக வெளியே தெரியும். டிஆர் என்ற சின்னக் கட்டளையால் அதைத் துடைத்துவிட்டு எண்ணினால் சரியாகும்.

அடுத்தது இன்னும் மோசம். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் இங்கே கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, எங்கள் யுபிஎஸ் பேட்டரியும் வயசானது. கம்ப்யூட்டர் சட்டென்று செத்துப்போய் மறுபடி எழுந்தால், லாக்கின் நடுவே சில இடங்களில் எழுத்துக்குப் பதில் வெற்று பைட்கள் நிரம்பிவிடும். கிரெப் அதைப் பார்த்ததும் இது எழுத்து ஃபைல் இல்லை, பைனரி என்று முடிவு கட்டி, வரிகளைக் கொடுப்பதை அங்கேயே நிறுத்திக்கொள்ளும். ஒரு வரி அறிவிப்பு வரும். அதைத் தானாக ஓடும் ஸ்கிரிப்டில் யார் படிக்கப் போகிறார்கள்? எண்ணிக்கை குறைந்து வரும், அறைகள் எல்லாம் நன்றாக இருக்கிற மாதிரி இருக்கும். கரண்ட் போன நாளில்தான் எரர் அதிகமாக இருக்க வேண்டும், அன்றைக்கே குறைவாகக் காட்டினால் சந்தேகப்பட வேண்டும். ஏ ஆப்ஷன் போட்டு, எழுத்தாகவே எடுத்துக்கொள் என்று சொன்னால் முழுதும் படிக்கும். இதை ஏன் எடுத்த எடுப்பிலேயே சொல்லித்தருவதில்லை என்று எனக்குக் கோபம் உண்டு. கிரெப்புக்கு அரை மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள், மூன்றரை.

ராமேஸ்வரத்தில் என் அக்கா வீட்டுக்காரர் ஒரு சின்ன லாட்ஜ் நடத்துகிறார். அத்தானின் ரூம் புக்கிங் சைட்டுக்கும் நான்தான் டாக்டர். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தியபோது ரயில்கள் ராமேஸ்வரம் வரை வராமல் நின்றன; 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததும் ராமேஸ்வரம் வரை மறுபடி வண்டி வருகிறது, சைட்டிலும் கூட்டம் தெரிகிறது. ஆடி அமாவாசைக்கு முந்தைய இரவு பலருக்குப் பக்கம் திறக்கவில்லை என்று புகார். பக்கங்களை அனுப்பும் சர்வர் ப்ரோக்ராம் என்ஜின்எக்ஸ் (nginx). அதன் லாக்கில் ஒன்பதாவது சொல்தான் விடைக் கோடு என்பது எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்கும் சூத்திரம். எண்ணினால் 200 (சரி), 404 (அப்படிப் பக்கம் இல்லை), 502, 504 (பின்னால் இருக்கும் ப்ரோக்ராம் சரியாகவோ நேரத்துக்கோ பதில் தரவில்லை) எல்லாம் வந்தன, நடுவே மேற்கோள் குறிக்குள் வெறும் ஒரு சின்னக் கிடைக்கோடு (-) மட்டும் என்று ஒரு வினோத வரியும் வந்தது. அதுவும் நூற்றுக்கணக்கில்.

சைட்டைத் துழாவும் தானியங்கி ப்ரோக்ராம்களான போட்கள் சில சமயம் ஒழுங்கான கோரிக்கை அனுப்புவதில்லை, குப்பை பைட்களை அனுப்பும். ஒழுங்கான கோரிக்கையில் மூன்று சொற்கள் இருக்கும்: முறை, முகவரி, பதிப்பு. குப்பை ஒரே சொல்லாக விழும். இரண்டு சொல் குறைந்ததால் விடைக் கோடு ஒன்பதிலிருந்து ஏழுக்கு நகர்ந்துவிடுகிறது. இதற்கு நல்ல வழி, இடைவெளியால் பிரிக்காமல் மேற்கோள் குறியால் பிரிப்பது. மூன்றாவது துண்டின் முதல் சொல் எப்போதும் விடைக் கோடுதான். கோரிக்கைக்குள்ளேயே மேற்கோள் குறி இருந்தால் என்ன என்று கேட்பீர்கள்; என்ஜின்எக்ஸ் அதை வேறு வடிவில் மாற்றி எழுதுவதால் குழப்பம் வராது. இன்னொரு சர்வர் ப்ரோக்ராமான அப்பாச்சியில் முன்னால் ஒரு சாய்கோடு மட்டும் போட்டுவிட்டுக் குறியை அப்படியே விட்டுவிடும், அங்கே இந்த வழியும் முழுக் காவல் இல்லை.

அன்று 504-ஐவிட எனக்கு வருத்தம் தந்தது 499. அது என்ஜின்எக்ஸ் தானாக வைத்துக்கொண்ட கோடு: பதில் வருவதற்குள் எதிரில் இருந்தவர் மூடிவிட்டுப் போய்விட்டார். பின்னால் இருக்கும் ப்ரோக்ராமுக்கு என்ஜின்எக்ஸ் வழக்கமாக 60 நொடி பொறுத்திருக்கும், அப்புறம்தான் 504. திதி கொடுக்க வந்தவர்கள் யார் ஒரு நிமிடம் பொறுப்பார்கள்? 500-இல் தொடங்கும் கோடுகளை மட்டும் எண்ணி, பெரிய பிரச்சினை இல்லை என்றிருந்த அத்தானிடம் 499 கணக்கைக் காட்டிய பிறகுதான் சர்வரைப் பெரிதாக்கச் சம்மதித்தார்.

இதே லாக்கில் இன்னொரு கண்ணி: வாடகை சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் எழுதும். நம் காலை ஐந்தரை அங்கே நள்ளிரவு. தேதி வாரியாக எண்ணினால், அக்னி தீர்த்தத்தில் கூட்டம் நெரியும் அந்த அமாவாசைக் காலையே இரண்டாக வெட்டுப்பட்டு இரண்டு தேதியில் விழும். இரண்டும் சுமாரான நாளாகத் தெரியும். பழைய லாக்குகளும் ஒரே ஃபைலில் இருக்காது. உபுண்டுவில் தினம் ஒன்றாகச் சுழற்றி, பழையதைச் சுருக்கி, பதினான்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடும். சுருக்கியதைப் பிரிக்காமலே படிக்க ஸீகேட் (zcat) கட்டளை போதும். ஆனால் ஆடி அமாவாசைக் கணக்கை ஆவணியில் வந்து கேட்டால் எந்தக் கருவியாலும் முடியாது.

குறைகள் இன்னும் உண்டு. ஜாவா மாதிரி ப்ரோக்ராம்கள் ஒரு எரருக்கு முப்பது வரி கொட்டும்; வரிதான் அலகு என்று நினைக்கும் இந்தக் கருவிகளுக்கு அது ஒத்துவராது. படம் வரையாது. முக்கியமாக, ராத்திரி இரண்டு மணிக்கு அறை சூடேறினால் எழுப்பிவிடாது. சந்தா சாஃப்ட்வேர் அதைச் செய்தது, நன்றாகவே செய்தது, நெட் இருந்த நாளில். காற்று பலமாக அடித்தால் எங்கள் நெட் போய்விடும் என்பதை அவர்களிடம் சொன்னேன், இரண்டாவது சிம் போடலாம் என்றார்கள். போடலாம்தான். அலாரத்துக்கு மட்டும் ஒரு சின்ன கருவி வாங்கலாம், எண்ணுவதற்கு வேண்டாம் என்று மேனேஜர் சாரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் முடிவு சொல்லவில்லை.

கையேடு விஷயத்தில் மதிப்பெண் இரண்டுதான். மேன் பக்கங்கள் எல்லாம் ஆங்கிலம், அதுவும் ஏற்கெனவே தெரிந்தவருக்கு ஞாபகப்படுத்தும் நடை. ஆக் கற்றுக்கொள்ள மேன் பக்கத்தைத் திறக்காதீர்கள். ஒரு பத்து வரி லாக்கை வைத்துக்கொண்டு, விடையைக் கையால் எண்ணி வைத்துவிட்டு, அப்புறம் கட்டளையை ஓட்டி இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பயிற்சிப் பையனுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது காலையில் வந்ததும் அவன்தான் ஸ்கிரிப்டை ஓட்டுகிறான்.

விண்டோஸ் மட்டும் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். 2016 முதல் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் கிடைக்கிறது, கிட் பாஷ் போட்டாலும் இவை எல்லாம் கூடவே வரும். மேக்கில் ஏற்கெனவே இருக்கும், ஆனால் சில ஆப்ஷன்கள் வேறாக இருக்கும், நான் மேலே சொன்ன கேட் கட்டளையின் பெரிய ஏ அங்கே வேலை செய்யாது.